ஞாயிற்றுக்கிழமை கலங்கும் தண்ணீர்

எதிர் வீட்டு ஆன்ட்டி லிஃப்டை நம்ப மாட்டார். காய்கறிப் பையை லிஃப்டுக்குள் வைத்து, நாலாம் மாடிக்குப் பொத்தானை அமுக்கி அனுப்பிவிட்டு, முழங்கால் வலியோடு படியேறி வருவார். பை அவருக்கு முன்பே பத்திரமாக வந்து நின்றிருக்கும். அதை எடுத்துக்கொண்டு, லிஃப்டை ஒரு முறை முறைத்துவிட்டு வீட்டுக்குள் போவார்.

"ஏனுங்க ஆன்ட்டி, பை நல்லபடியா வந்துருச்சே, அதுகூடவே நீங்களும் வந்திருக்கலாமல்லங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பை போனா வேற பை வாங்கிக்கலாம்மா" என்றார்.

நாங்கள் சென்னைக்கு மாறி வந்து இரண்டு வருடம் ஆகிறது. புனேயில் இருந்த காலத்தை நினைத்தால் மழையோ மலையோ ஞாபகத்துக்கு வருவதில்லை. அங்கே எதிர் வீட்டில் இருந்த அந்த ஆன்ட்டி ஒரு தம்ளரை ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதுதான் வருகிறது.

அவர் பிறந்து வளர்ந்தது புனேயை ஒட்டிய கட்கியில். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். இவரும் பிறகு அதே தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்து, முப்பது வருடத்துக்கு மேல் விளக்கடியில் உட்கார்ந்து விரல்நுனி அளவுப் பித்தளைச் சாமான்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர். ஓய்வு பெற்றபின் சிஞ்ச்வட்டில் எங்கள் அடுக்ககத்துக்கு வந்தார். சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு ட்யூப் லைட்டைச் சங்கிலி போட்டுத் தாழ்வாகத் தொங்கவிட்டிருந்தார். பால் பாக்கெட், எண்ணெய்ப் பாட்டில், மாத்திரை அட்டை என்று வீட்டுக்குள் வரும் எதுவும் அந்த வெளிச்சத்தைத் தாண்டித்தான் சமையலறைக்குள் போகவேண்டும். கொத்தமல்லிக் கட்டைப் பிரித்து நடுவில் அழுகல் வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பார். கேஸ் சிலிண்டர் மாட்டினால் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று கால் மணி நேரம் காவல் இருப்பார்.

ஆடி வெள்ளிக்குக் கோயிலிலிருந்து சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகர்ந்தார். ஓரத்தில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடம் கழித்துத்தான் மீதியைச் சாப்பிட்டார்.

"பிரசாதங்க ஆன்ட்டி" என்றேன், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

"சாமி மேல எனக்கு இன்னா டவுட்டு? டவுட்டெல்லாம் கிளறுன கரண்டி மேலதான்."

வீட்டு வேலைக்கு அவர் ஆள் வைத்துக்கொள்ளவே இல்லை. குனிய முடியாத காலத்திலும் ஈரத்துணியைத் தரையில் போட்டு, காலால் தள்ளித் தள்ளித் துடைப்பார். வேறொருவர் துடைத்த தரையில் அவருக்குத் தூக்கம் வராது என்று கட்டடத்தில் கேலி பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன்.

என் பிழைப்பும் அதேதான் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. மென்பொருள் சோதிப்பது என் வேலை. அடுத்தவர் எழுதியதில் எங்கே தப்பு இருக்கிறது என்று தோண்டி எடுக்கத்தான் எனக்குச் சம்பளம். கோயம்புத்தூரிலிருந்து வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டிலிருந்தே வேலை, கணவர் இருட்டிய பிறகுதான் வருவார், பேச ஆள் கிடையாது. அதனால்தான் மீன் தொட்டி வாங்கினோம். இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, ஆறு தங்க மீன்கள், தண்ணீரை உறிஞ்சி வடிகட்டும் சின்ன மோட்டார், அதற்குள் ஒரு பஞ்சு. கடைக்காரர் பராமரிப்பு முறையை மராத்தியில் விலாவாரியாகச் சொன்னார். பாதிதான் புரிந்தது. முழுவதும் புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் கழுவும் நாள். அம்மா வீட்டுப் பழக்கம். விளக்கைப் புளி போட்டுத் தேய்த்து, பூஜை அலமாரியைத் துடைத்து, வாசல்வரை கழுவிவிட்டால்தான் எனக்கு மனசு நிற்கும். மீன் தொட்டியையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன். வாரத்துக்கு ஒரு நாள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதைப்போல, மீன்களை வாளிக்கு மாற்றி, தொட்டியை ஒரு சொட்டு விடாமல் காலி செய்து, கூழாங்கற்களை அரிசி களைவதுபோலக் களைந்து, பஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து வெள்ளையாக்கி வைப்பேன். வெள்ளிக்கிழமை மாலை தொட்டி பளிங்காக இருக்கும். சனிக்கிழமையும் அப்படியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் அரிசி கழுவிய நீர்போலக் கலங்கியிருக்கும்.

முதல் வாரம் புதுத் தொட்டி என்று விட்டுவிட்டேன். இரண்டாம் வாரம் ஒரு மீன் செத்தது. மூன்றாம் வாரம் இன்னொன்று. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஆன்ட்டி முதன்முதலாகத் தொட்டியைப் பார்க்க வந்தார். ஒரு தம்ளரில் தண்ணீரை மொண்டு எங்கள் ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்தார். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினார்.

"இன்னாமா இது, பானி தூத் மாதிரி, பாலு மாதிரி கீது. எப்பலேந்து?"

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையுமுங்க."

"சனிக்கெழம நல்லாத்தான் கீதா?"

"கண்ணாடி மாதிரி இருக்குதுங்க."

"சனிக்கெழம ஊட்டுக்கு யாரு வராங்க?"

எனக்குச் சுருக்கென்றது. சனிக்கிழமை காலை நானும் கணவரும் காய்கறிச் சந்தைக்குப் போய்விடுவோம். அந்த நேரத்தில் சாவி சுனந்தா மௌஷியிடம் இருக்கும். மௌஷி என்றால் மராத்தியில் சித்தி. வீட்டு வேலைக்கு வருபவர்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். பாத்திரம் தேய்த்துத் தரை துடைத்துவிட்டு, பூட்டிச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போவார். எங்கள் கட்டடத்தில் எங்களையும் சேர்த்து மூன்று வீடு அவருக்கு. அந்த மூன்று வீட்டை வைத்துத்தான் அவர் குடும்பம் ஓடியது.

"சுனந்தா மௌஷி மட்டுந்தானுங்க" என்றேன்.

ஆன்ட்டி தம்ளரை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார். "தர தொடைக்க இன்னா மருந்து போடறா?" என்றார். அவ்வளவுதான். ஒரு ஜாம் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, மூடியில் தேதி எழுதி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் எனக்குள் அது ஊற ஆரம்பித்துவிட்டது. தரை துடைக்கும் ஃபினாயில் பாட்டிலில் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். மறுநாள் கோட்டுக்குக் கீழே இரண்டு விரல் குறைந்திருந்தது. துடைத்தால் குறையத்தான் செய்யும் என்று அப்போது தோன்றவில்லை. மௌஷி தொட்டிப் பக்கம் துடைக்கும்போது மீன்களைப் பார்த்து ஏதோ முணுமுணுப்பார். முன்பு அது அழகாகத் தெரிந்தது, இப்போது அதிலும் ஏதோ இருப்பதாகப் பட்டது. துடைப்புத்துணியைத் தொட்டியில் நனைக்கிறாரோ, எரிச்சலில் எதையாவது ஊற்றுகிறாரோ என்று மனசு என்னென்னவோ படம் ஓட்டியது. போன மாதம் அவர் இரண்டு நாள் விடுப்புக் கேட்டு நான் முகம் சுளித்தது ஞாபகம் வந்தது. அதற்குப் பழி வாங்குகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். அவரிடம் நேரில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கணவரிடம் சொன்னேன். "மீனுக்காக ஒரு மனுஷியச் சந்தேகப்படாதே, விடு" என்றார். அவர்மேலும் கோபம் வந்தது.

பழைய செல்பேசி ஒன்று மேசை இழுப்பறையில் கிடந்தது. ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் படம் பிடிக்கும் செயலி ஒன்றை அதில் ஏற்றி, புத்தக அலமாரியில் இரண்டு புத்தகங்களுக்கு நடுவே தொட்டியைப் பார்த்தபடி செருகினேன். வெள்ளிக்கிழமை மத்தியானமே வைத்துவிட்டேன், சரியாக ஓடுகிறதா என்று பார்க்க. எதையும் சோதிக்காமல் விடுவது என் வழக்கமில்லை. சனிக்கிழமை சந்தையில் நின்று வெண்டைக்காய் பொறுக்கும்போதுகூட மனசெல்லாம் அந்தச் செல்பேசியில்தான் இருந்தது.

வீடு திரும்பி எடுத்துப் பார்த்தேன். ஐந்து பதிவுகள். முதல் நான்கும் வெள்ளிக்கிழமை நான் தொட்டி கழுவியது. அவற்றைத் தள்ளிவிட்டு ஐந்தாவதற்குப் போனேன். மௌஷி தொட்டிப் பக்கமாகத் துடைத்துக்கொண்டு வருகிறார். மீன்களிடம் ஏதோ பேசுகிறார். பிறகு அலமாரியைத் துடைக்க நிமிர்கிறார். புத்தகங்களுக்கு நடுவில் கண் போகிறது. முகம் திரை முழுக்க வருகிறது. சரியாக என்னையே பார்ப்பதுபோல ஒரு நிமிடம் பார்க்கிறார். அந்த முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். பிறகு துணியால் செல்பேசியின் கண்ணாடியைத் துடைத்து, அதை இருந்த இடத்திலேயே நேராக வைக்கிறார்.

பாத்திரமெல்லாம் தேய்த்திருந்தது. தரையும் துடைத்திருந்தது. சாவியைக் காவலாளியிடம் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவர் கண்ணெதிரே பூட்டி, அவரிடமே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாயும் வரவில்லை.

தப்பு செய்யாதவர் ஏன் நிற்கவேண்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்த கையோடு, கட்டடத்துப் பெண்களின் வாட்ஸாப் குழுவில், வேலைக்கு வருபவர்களால் யாருக்காவது வீட்டில் சாமான் கெட்டுப்போயிருக்கிறதா என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வியைப் போட்டேன். பெயர் எழுதவில்லை. எழுதவேண்டிய அவசியமே இல்லை. யார் என் வீட்டுக்கு வருவதை நிறுத்தியிருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த வாரமே மற்ற இரண்டு வீட்டிலும் அவரை நிறுத்திவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போலத் தொட்டியைக் கழுவினேன். அந்த வாரம் வீட்டுக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் கலங்கியிருந்தது. மேலே ஒரு மீன் மல்லாந்து மிதந்தது.

ஆன்ட்டி வந்தார். கையில் அந்த ஜாம் பாட்டில். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இந்த வாரம் யாரு வந்தாங்க?"

"யாரும் வரலீங்க."

"யாரும் வரல. பானி மட்டும் கலங்கிடுச்சி." பாட்டிலை மேசைமேல் வைத்தார். "போன்ல படம் புடிச்சியாமே. காட்டு."

எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. மௌஷி நின்றதற்குக் காரணம் தெரிந்துகொள்ளாமல் அவர் விட்டிருக்க மாட்டார். ஐந்தாவது பதிவைப் போட்டுக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, செல்பேசியையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"அவ கையி தண்ணில படவே இல்லியே. இதுக்கு முன்னாடி இன்னா கீது?"

"அது நானுங்க. வெள்ளிக்கிழமை தொட்டி கழுவுனது."

"அத்த பாத்தியா?"

"நான் கழுவுனதை நானே எதுக்குங்க பாக்கோணும்?"

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "போடு" என்றார்.

நாலு பதிவையும் இரண்டு பேரும் நின்றபடியே பார்த்தோம். நான் மீன்களைப் பிடிக்கிறேன். தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை கவிழ்க்கிறேன். பஞ்சோடு சமையலறைக்குப் போகிறேன், வெள்ளைவெளேரென்ற பஞ்சோடு திரும்பி வருகிறேன். வேலை முடிந்ததும் இடுப்பில் கை வைத்துத் தொட்டியைப் பார்த்து நிற்கிறேன். என் முகத்தில் எத்தனை பெருமை. பார்க்கவே பிடிக்கவில்லை.

"அந்தப் பஞ்ச எதுக்கு கொழாயில கழுவுற?"

"அழுக்கா இருந்துச்சுங்க."

"அந்த அழுக்குலதான் பானிய நல்லா வெச்சிக்கிற பூச்சி கீதாம். கண்ணுக்குத் தெரியாதாம். கொழாத் தண்ணில கார்ப்பரேஷன்காரன் மருந்து போடறானே, அதுல கழுவுனா செத்துடுமாம். நீ வாரா வாரம் சாவடிக்கிற. அது திரும்பப் பொறக்கச் சொல்லோ பானி வெள்ளையாப் பூடுது. அதுக்குள்ள மீனு பேண்டதே மீனுக்கு விஷமாயிடுது. பஞ்ச தொட்டித் தண்ணிலயே லேசா அலசணுமாம், பானிய காவாசிதான் மாத்தணுமாம்."

"யாருங்க சொன்னாங்க?"

"நீ மீனு வாங்குன கடைக்காரன். இந்தப் பாட்டில எத்துனு போயி காட்டுனேன். அவன் சொல்றத எப்பிடி நம்பறது? கட்கிக்குப் போயி இன்னொரு கடையில கேட்டேன். ரெண்டு பேருக்கும் பழக்கம் கெடையாது. ரெண்டு பேரும் ஒரே பொய்ய சொல்ல மாட்டாங்க."

முழங்கால் வலிக்காரி, ஒரு பாட்டில் கலங்கல் தண்ணீருக்காக ரயிலேறிப் போயிருக்கிறார். அதற்கு நன்றி சொல்லியிருக்கவேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம்.

"அப்ப எதுக்குங்க ஆன்ட்டி சுனந்தா மௌஷியைச் சந்தேகப்பட்டீங்க?"

"நானா?" அவர் குரல் உயரவில்லை. "யாரு வராங்கன்னு கேட்டேன். உன் ஊட்டுக்காரரு தீனி போடறாருன்னு நீ சொல்லல. நானே கையி உட்டுக் கழுவறேன்னு சொல்லல. அவ பேரத்தான் சொன்ன."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். அவர் கேள்வி மட்டுமே கேட்டார். பதில் முழுக்க என்னுடையது. சந்தேகத்துக்கு ஆள் தேடியபோது வீட்டில் இருந்தவர்களில் யாரை எடுத்துக் கொடுத்தால் எனக்கு வலிக்காதோ, அவரை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு வந்த வெட்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

ஆன்ட்டி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்காலை நீவிக்கொண்டே சொன்னார்.

"ஒரு தபா ஃபேக்டரியில நாள் பூரா ரிஜெக்ட்டு போட்டேன். பீசு எல்லாம் அளவு தப்பு. மிஷின்ல நின்ன ஆளுக்கு மெமோ குடுத்துட்டாங்க. மறாநாளு பாத்தா பீசு எல்லாம் சரி. நான் அளக்குற கேஜுதான் தேஞ்சி கெடந்துச்சி."

"அந்த ஆள் என்னானாருங்க?"

"மெமோ மெமோதான். யாரு திரும்ப வாங்குவா?" ஜாம் பாட்டிலின் மூடியை இறுக்கினார். "அதுக்கப்பறம் தெனிக்கும் காலையில மொதல்ல என் கேஜத்தான் அளப்பேன்."

இதைச் சொல்லிவிட்டு, "குரூப்ல எழுது" என்றார்.

மீன் தொட்டியில் தொழில்நுட்பக் கோளாறு, இப்போது கண்டுபிடித்தாகிவிட்டது என்று ஆங்கிலத்தில் எழுதினேன். படித்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"யாரு கோளாறு?"

அழித்தேன். தப்பு என்னுடையது, சுனந்தா மௌஷி எதையும் தொடவில்லை, நான்தான் மீன்களைக் கொன்றேன் என்று இந்தியில் எழுதினேன். விரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலேயே நின்றது. அந்தக் கட்டடத்தில் எல்லாரும் என்னைப் பார்த்து என்ன நினைப்பார்கள் என்று பயமாக இருந்தது. ஆன்ட்டி அவசரப்படுத்தவில்லை, எழுந்து போகவும் இல்லை. அனுப்பினேன். கட்டை விரல் படங்கள் வரிசையாக வந்தன. அந்த இரண்டு வீட்டிலும் அதற்குள் வேறு ஆள் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் பின்னால் மௌஷியின் வீட்டைத் தேடிப் போனேன். வாசலிலேயே நின்று என் உடைந்த இந்தியில் மன்னிப்புக் கேட்டேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். திரும்ப வரச் சொன்னேன். தலையை ஆட்டி மறுத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, நீங்கள் கழுவுவதை நான் பார்த்திருக்கிறேன், கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்றார். எத்தனை மீன் மிச்சம் என்று கேட்டார். மூன்று என்றேன்.

வெள்ளிக்கிழமை தொட்டியைத் தொடாமல் இருப்பது சாமான்யப்பட்ட வேலையாக இல்லை. கை பரபரத்தது. மூன்று வாரத்தில் தண்ணீர் தானாகத் தெளிந்தது. மூன்று மீனும் பிழைத்துக்கொண்டன. நல்ல செய்தியைச் சொல்ல ஒரு தம்ளரில் தண்ணீரை மொண்டுகொண்டு எதிர் வீட்டு மணியை அழுத்தினேன்.

கதவைத் திறந்தது சுனந்தா மௌஷி. கையில் துடைப்புத்துணி. உள்ளே ஆன்ட்டி சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து, கையில் தேநீர்க் கோப்பையோடு இருந்தார். அது அவர் போட்ட தேநீராகத் தெரியவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் குடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க யாரையும் உள்ளயே விட மாட்டீங்களேங்க ஆன்ட்டி" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"நீதான் கேமரா வெச்சி செக் பண்ணிட்டியே" என்றார், அங்கிருந்தபடியே. "ஒண்ணும் புடிக்க முடியல. இந்தக் கட்டடத்துல அப்பிடிப் பாஸான ஆளு வேற யாரு கீறாங்க?"

மௌஷி குனிந்து வாசல்பக்கத் தரையைத் துடைக்க ஆரம்பித்தார். ஈரத்துணி நான் நின்ற இடம்வரை வந்து நின்றது. தம்ளரோடு பின்னால் நகர்ந்து வழி விட்டேன்.